கப்பல் விருந்துக்குக் கோட்டு கட்டாயமா?

“கப்பல்னா சும்மாவா சார்? ஒரு கோட்டாவது தைச்சுக்கிட்டுப் போங்க.” மண்ணூர், தண்டலம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் யாராவது குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் போகப்போவதாக வாய் திறந்தால் முதலில் வந்து விழும் யோசனை இதுதான். கடல் ஒத்துக்கொள்ளுமா, வாந்தி மாத்திரை வாங்கியாயிற்றா என்பதெல்லாம் அப்புறம். கப்பலில் ஒருநாள் ‘எலகன்ட் நைட்’ வரும், அன்றைக்குக் கோட்டு சூட்டு போட்டவனைத்தான் விருந்துக் கூடத்தில் விடுவார்கள், வேட்டியோடு போனால் வாசலிலேயே மடக்கிவிடுவார்கள், மடக்காவிட்டாலும் வெள்ளைக்காரன் ஒரு மாதிரியாகப் பார்ப்பான். இப்படியொரு நம்பிக்கை ஊன்றிப்போய்விட்டது. கப்பல் வாடையே படாதவர்கள் இதைச் சொன்னால் விட்டுவிடலாம். போய்விட்டு வந்தவர்களும், அனுப்பிவைக்கும் பயண முகவர்களும் இதையே சொல்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்குக் கப்பல் புதிதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்ததற்குப் பின், இங்கே செய்யப்பட்ட கார்கள் சென்னை, எண்ணூர் துறைமுகங்களிலிருந்து வரிசை வரிசையாகக் கப்பலேறிப் போய்க்கொண்டிருக்கின்றன. காரைச் செய்தவர்கள் உல்லாசத்துக்காகக் கப்பலேறுவதுதான் புதிது. 2022 ஜூனில் கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலைச் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களுக்குக் கிளம்பியது. விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பலேறுகிறவர்களும் இருக்கிறார்கள். விற்பனை இலக்கைத் தாண்டிய டீலருக்குக் கப்பல் பயணத்தைப் பரிசாகத் தருவதும் தொழில் உலகத்தில் நடக்கிற காரியம். எனவே கோட்டுக் கேள்வி இப்போது பணக்காரர்களின் கேள்வி மட்டுமில்லை. சீட்டுப் பணம் எடுத்து, வீட்டுக்காரி நகையைக் கொஞ்சம் அடகு வைத்து, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கிற நடுத்தரக் குடும்பத்தின் கேள்வியாகவும் ஆகியிருக்கிறது. அந்தக் குடும்பத்தின் தலையில் ஏற்றப்படும் கோட்டுச் செலவு தேவையற்றது. கோட்டு கட்டாயம் என்ற பேச்சு கப்பல் விதியிலும் நிற்கவில்லை, உடையின் வரலாற்றிலும் நிற்கவில்லை.

முதலில் விதி. உலகத்தின் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான கார்னிவலில் இந்த இரவுக்கே ‘குரூஸ் எலகன்ட்’ என்று பெயர். இரண்டு முதல் ஐந்து நாள் பயணத்தில் அது ஒருமுறை வரும், ஆறு நாளும் அதற்கு மேலும் என்றால் இருமுறை. அன்றைக்கு ஆண்களிடம் அந்த நிறுவனம் எதிர்பார்ப்பது நல்ல கால்சட்டையும் நல்ல சட்டையும். கோட்டு ஒரு யோசனையாகச் சொல்லப்படுகிறது, சூட்டும் டக்ஸிடோவும் விரும்பினால் போடலாம் என்ற கணக்கில் வருகின்றன. கண்டிப்பெல்லாம் வேண்டாதவை பட்டியலில்தான்: அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், விளையாட்டு உடை, நீச்சல் உடை, தொப்பி, ரப்பர் செருப்பு. நார்வீஜியன் நிறுவனம் 2000இல் ‘ஃப்ரீஸ்டைல்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது கட்டாய உடை இரவு என்பதையே தூக்கிப்போட்டது. செலிப்ரிட்டி கப்பல்களிலும் பழைய ‘ஃபார்மல் நைட்’ போய், ‘ஈவினிங் சிக்’ என்று கொஞ்சம் தளர்ந்த ஏற்பாடு வந்துவிட்டது.

“அதெல்லாம் அமெரிக்கக் கப்பல், அங்கே எல்லாமே ஓட்டை உடைசல். இங்கிலீஷ்காரன் கப்பலுக்குப் போய்ப் பார்” என்பார்கள். போய்ப் பார்க்கலாம். உடை விஷயத்தில் இன்றைக்கும் கறாரானது என்று பேர் வாங்கியது குனார்ட். குயின் மேரி 2 கப்பலை ஓட்டுகிற நிறுவனம். அதன் காலா இரவுகளுக்கு டின்னர் ஜாக்கெட், அல்லது அடர்நிறச் சூட்டும் டையும் கேட்கிறார்கள். அதே விதியின் அடுத்த மூச்சிலேயே, அவரவர் நாட்டின் முறையான தேசிய உடையில் வரலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர் தம் கட்டம் போட்ட கில்ட்டோடு அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சூப் குடிக்கிறார். அதுவும் இடுப்பில் சுற்றுகிற துணிதான், முழங்காலோடு நின்றுவிடுகிற துணி. கணுக்கால் வரை இறங்குகிற வேட்டியைப் பார்த்து மட்டும் அந்தக் கூடம் முகம் சுளிக்கும் என்று நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை.

உடை மாற்றவே மனமில்லாதவருக்கும் கப்பலில் பட்டினி கிடையாது. எலகன்ட் இரவன்று மேல் தளத்துப் பஃபே வழக்கம்போல் திறந்திருக்கும். பேச்சு முழுக்க முதன்மை விருந்துக் கூடத்தைப் பற்றி மட்டுமே. அந்தக் கூடத்தின் வாசலில் நிற்கும் பணியாளர் பார்ப்பது இரண்டு விஷயம்: வந்தவர் குளித்து உடை மாற்றி, இந்த இரவை ஒரு பொருட்டாக மதித்து வந்திருக்கிறாரா, அல்லது நீச்சல் குளத்திலிருந்து நேராக ஏறி வந்துவிட்டாரா?

அடுத்து வரலாறு. கோட்டுதான் ‘ஃபார்மல்’, மற்றதெல்லாம் அதற்குக் கீழே என்கிறவர்கள், அந்தக் கோட்டின் பூர்வோத்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். இன்றைக்கு உச்சக்கட்ட மரியாதை உடையாகக் கருதப்படும் டின்னர் ஜாக்கெட், பிறந்தபோது தளர்வான வீட்டு உடை. 1865இல் லண்டன் சாவில் ரோ தையற்காரர் ஹென்றி பூல், வேல்ஸ் இளவரசர் எட்வர்டுக்கு ஒரு குட்டைக் கோட்டு தைத்துக் கொடுத்தார். நீள வால் கோட்டு இளவரசருக்குச் சள்ளையாக இருந்ததால், தம் பண்ணை மாளிகையில் நெருங்கியவர்களோடு சாவகாசமாகச் சாப்பிட அவர் அதைக் கேட்டு வாங்கினார். 1886 வாக்கில் அது நியூயார்க்குக்கு அருகிலுள்ள டக்ஸிடோ பார்க் பணக்காரர்களிடம் போய், அந்த ஊர்ப் பெயரையே ஒட்டவைத்துக்கொண்டது. அந்தக் காலத்துக் கறார்ப் பேர்வழிகள் கண்ணில் அது அரைகுறை உடை. ஒரு தலைமுறையின் அரைகுறையே அடுத்த தலைமுறைக்குக் கட்டாயமாகிவிடுகிறது.

கடலில் இது இன்னும் வெளிப்படை. சூயஸ் தாண்டிச் செங்கடலுக்குள் நுழைந்ததும் அடிக்கிற வெக்கையில் கோட்டோடு உட்கார்ந்து சாப்பிட முடியாமல், பிரிட்டிஷ்காரர்களே அதைக் கழற்றி வைத்தார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, இடுப்பில் ஒரு கச்சை. இதற்கு ‘ரெட் ஸீ ரிக்’ என்று பெயரும் வைத்து, விருந்து மேசைக்கு ஏற்ற முறையான உடை என்று சட்டமும் ஆக்கிக்கொண்டார்கள். இடுப்பில் கட்டிய அந்தக் கச்சை இந்தியாவில் இருந்த வெள்ளை அதிகாரிகள் இங்கத்திய வழக்கத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டது. கோட்டை உலகுக்குக் கொடுத்தவன் வெயிலுக்காக அதைக் கழற்றியிருக்கிறான். மே மாதத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடுகிற ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கிளம்புகிறவன் அதைத் தேடி அலைகிறான்.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? காரணம் இல்லாமல் வரவில்லை. கப்பல் நம்மவர்களைப் படுத்திய பாட்டில் அதற்கு வேர் இருக்கிறது. 1914 மார்ச் 17 அன்று கணித மேதை ராமானுஜன் சென்னையில் நெவாசா கப்பலில் ஏறுவதற்கு முன்பே அவருடைய குடுமி எடுக்கப்பட்டது. வேட்டி போய்க் கோட்டும் கால்சட்டையும் வந்தன. காலமெல்லாம் வெறுங்காலோடும் செருப்போடும் நடந்தவருக்கு இங்கிலாந்தின் பூட்ஸ் கடைசிவரை பிடிபடவில்லை. கேம்பிரிட்ஜ் அறைக்குள் அவர் செருப்போடுதான் திரிந்தார்.

அவர் போன்ற ஒருவர் அறையில் போனார் என்றால், ஆயிரக்கணக்கானவர்கள் தளத்தில் போனார்கள். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலை நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் மூன்று ஊர்க்காரர்களும் பாட்டன் காலத்துக் கதையாகச் சொல்லுவார்கள். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அது தமிழர்களை ஏற்றி இறக்கியது. டெக் பயணி என்றால் பாய், பெட்டி, கட்டுச்சோறு, வேட்டி. மேலே அறை எடுத்தவர்கள் மேசையில் சாப்பிட்டார்கள். 1970களில் ரஜூலா ஓய்வுபெற, சிதம்பரம் கப்பல் அந்த வழித்தடத்துக்கு வந்து, 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடிக்கும்வரை ஓடியது. கோட்டு மேல்தளம், வேட்டி கீழ்த்தளம் என்ற பிரிவினை மனதில் படிந்தது அந்தப் பயணங்களில்தான். டிக்கெட் விலை பிரித்துவைத்ததை, உடை பிரித்துவைத்ததாகப் பேரன்மார் நினைவில் வைத்துக்கொண்டார்கள். இன்றைய கப்பலில் டெக் வகுப்பே இல்லை. பயம் மட்டும் டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்கிறது.

கரையில் இருந்த கிளப்புகளும் இந்தப் பயத்துக்குத் தீனி போட்டன. 2014 ஜூலை 11 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு நூல் வெளியீடு. அழைப்பின் பேரில் போனவர், அப்போது உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த து.அரிபரந்தாமன். வேட்டி கட்டி வந்ததால் அவரை உள்ளே விடவில்லை. தீர்ப்பு எழுதுகிற நீதிபதிக்கே வாசலில் தீர்ப்பு எழுதினார்கள். சட்டமன்றத்தில் கட்சி வேறுபாடின்றிக் குரல் எழுந்தது. ஜெயலலிதா அரசு அதே ஆகஸ்டில் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியையோ மற்ற இந்திய மரபுடையையோ காரணம் காட்டி ஒருவரைப் பொது இடத்திலோ கிளப்பிலோ தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், கிளப்பின் உரிமமும் ரத்தாகலாம்.

“பார்த்தீர்களா, நீதிபதிக்கே இந்தக் கதி, நமக்கு எதற்கு வம்பு?” என்று இதையே கோட்டுக்குச் சாட்சியாக நிறுத்துகிறவர்கள் உண்டு. சம்பவத்தின் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிற வாதம் இது. கிளப் மாற வேண்டியிருந்தது, வேட்டி மாறவில்லை. கடலில் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லாது என்பது உண்மைதான். கப்பல்காரர்களின் விதியே தேசிய உடைக்கு இடம் கொடுக்கும்போது, அங்கே அந்தச் சட்டத்துக்கு வேலையும் இல்லை. மற்றபடி இந்த மண்ணின் முறையான இடங்களைப் பாருங்கள். 2019இல் தலைமைச் செயலகப் பணியாளர்களுக்கு வந்த உடை ஆணையில் ஆண்களுக்கு ஃபார்மல் பேன்ட்டும் வேட்டியும் ஒரே வரியில் இருக்கின்றன. இந்திய பார் கவுன்சிலின் விதியில் வழக்கறிஞர் கறுப்புக் கோட்டுக்குக் கீழே வேட்டி கட்டலாம், ஜீன்ஸ் போடக் கூடாது. கோடையில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற இடங்களில் அந்தக் கறுப்புக் கோட்டே கட்டாயமில்லை. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கைப் பிரதமர் மோடி வேட்டி, வெள்ளைச் சட்டை, துண்டு அணிந்து வரவேற்றார். அரசியலில் அதற்கு ஆயிரம் கணக்கு இருக்கலாம், இரு நாட்டுத் தலைவர்கள் சந்திக்கிற இடத்தில் அது முறையான உடையாகவே நின்றது. அன்று அதிபரும் டை கட்டவில்லை.

இதைவிடப் பெரிய மேடை வேண்டுமென்றால் ஸ்டாக்ஹோம். நோபல் பரிசு விழாவில் ஆண்களுக்கு வால் கோட்டு, வெள்ளை போ டை. கப்பலின் எலகன்ட் இரவெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. 2019 டிசம்பர் 10 அன்று பொருளாதாரப் பரிசு வாங்க மேடையேறிய அபிஜித் பானர்ஜி வேட்டியும் மேலே கழுத்து மூடிய கறுப்புப் பந்த்கலாவும் அணிந்திருந்தார். பாரிஸில் பிறந்த அவர் மனைவி எஸ்தர் டுஃப்லோ சேலை கட்டியிருந்தார். ஸ்வீடன் மன்னர் கையால் இருவரும் பரிசு வாங்கினார்கள். அங்கேயும் விதி ஒன்றுதான்: வால் கோட்டு, அல்லது தேசிய உடை.

பெண்கள் விஷயத்தில் இந்தக் கேள்வியே எழுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதே குடும்பம், அதே கப்பல், அதே இரவு. மனைவிக்குக் காஞ்சிப் பட்டு, கணவனுக்குக் கோட்டு என்று யாரும் யோசிக்காமலேயே முடிவாகிவிடுகிறது. மனைவியைக் கவுன் வாங்கச் சொல்பவர் ஒருவரும் இல்லை, பட்டுச் சேலை எந்த விருந்துக்கும் தலைநிமிர்ந்து போகும் என்று எல்லோருக்கும் தெரியும். சென்னையில் பிறந்த இந்திரா நூயி, யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கையில் வேலை நேர்முகத்துக்கு மலிவுக் கடையில் வாங்கிய, அளவு பொருந்தாத சூட்டில் போய்க் கூனிக் குறுகிய கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தியாவில் இருந்தால் என்ன உடுத்திப் போவாய் என்று கேட்டார் வேலைவாய்ப்பு அலுவலர். சேலை என்றார் நூயி. அப்படியானால் அடுத்த நேர்முகத்துக்கு அதையே கட்டு என்றார் அவர். பூஸ் ஆலன் நிறுவனத்துக்குச் சேலையில் போனார், கோடைக்கால வேலை கிடைத்தது, சிகாகோ அலுவலகத்துக்கும் சேலையிலேயே போய்வந்தார். பின்னாளில் பெப்சிகோவின் தலைவராக ஆனவரின் அனுபவம் இது. பெண்ணுக்குப் பொருந்துகிற நியாயம் பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஆணுக்கு ஏன் பொருந்தாது என்று கேட்டால், கோட்டுக் கட்சியிடம் பதில் இல்லை.

அவர்களிடம் பதில் இருக்கிற இடம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போகாமல் இந்த வாதம் முழுமையாகாது. “கோட்டைக் கழற்று என்று சொல்கிறவர்கள் யார்? அம்பேத்கர் ஏன் கோட்டு போட்டார்?” என்பது அந்தக் கேள்வி. நியாயமான கேள்வி. வேட்டி எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைத்த உடை என்று பேசுவது வரலாற்றை வெள்ளையடிப்பது. 1859இல் திருவிதாங்கூர் அரசு, நாடார் பெண்கள் மார்பை மறைக்க அனுமதித்து வெளியிட்ட அறிக்கையிலும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் கூடாது என்று ஒரு கொக்கி இருந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது விதித்த தடைகளை ஹட்டன் தம் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் கூடாது. அதற்குச் சில வாரம் முன்புதான் லண்டனில் வட்டமேசை மாநாடு தொடங்கியிருந்தது. ஒடுக்கப்பட்டோரின் பேராளர்களாக அதில் உட்கார்ந்தவர்கள் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும். சீனிவாசன் பிறந்தது மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம், ஸ்ரீபெரும்புதூரும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம். ஊரில் சட்டை போடவே தடை, லண்டனில் கோட்டோடு சரிசமமாக நாற்காலி. அந்தக் கோட்டின் பொருளை எந்தப் பண்பாட்டுப் பேச்சாலும் குறைக்க முடியாது.

ராமநாதபுரத்துத் தடைப் பட்டியலை இன்னொரு முறை வாசித்தால், அதில் கோட்டும் இருக்கிறது, முழு வேட்டியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே கைதான் தடுத்தது. இன்னார் இதை உடுத்தலாம், இன்னார் உடுத்தக் கூடாது என்று அடுத்தவன் தீர்மானிப்பதை எதிர்த்துத்தான் அம்பேத்கர் கோட்டு போட்டார். அவரைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு, கோட்டு இல்லாதவனை உள்ளே விடாதே என்று சொன்னால் வழக்கு தலைகீழாகிவிடும். பாட்டனுக்கு மறுக்கப்பட்ட கோட்டைப் பேரன் கப்பலில் கம்பீரமாகப் போட்டுக்கொள்ளட்டும். பாட்டனுக்கு மறுக்கப்பட்ட எட்டு முழத்தைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு இன்னொரு பேரன் வரட்டும். இருவரில் ஒருவரை மற்றவருக்குக் கீழே நிறுத்துகிற விதி வேண்டாம் என்பதே இங்கு வாதம்.

இதைச் சொன்னதும் எதிர்க்கரையிலிருந்து ஒரு கூட்டம் கைதட்டும். “வேட்டி நம்ம பண்பாடு சார், எங்க வேணா கட்டிட்டுப் போவோம்.” அவர்களோடும் உடன்பட முடியாது. வேட்டி என்பதாலேயே ஒன்று விருந்து உடையாகிவிடாது. சலவைக்குப் போய்ப் பல நாளான நாலு முழம், கட்சிக் கரை, மேலே அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருக்கும் போன். இது எலகன்ட் இரவுக்கு ஆகாது, ஊரில் கல்யாண வீட்டுக்கே ஆகாது. லுங்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம். வேட்டிக்குள்ளேயே படிநிலைகள் இருக்கின்றன, தமிழர்கள் எல்லோருக்கும் அவை மனப்பாடம். வீட்டு வேட்டி வேறு, கோயில் வேட்டி வேறு, மாப்பிள்ளை வேட்டி வேறு. தூக்கி மடித்துக் கட்டியவன் பெரியவர் எதிரே வந்தால் மளாரென்று இறக்கிவிடுகிற அந்த ஒரு அசைவில் மொத்த உடை இலக்கணமும் அடங்கியிருக்கிறது. கப்பல் விருந்துக்கு எவ்வளவு முறையாக உடுத்துவது என்ற கேள்விக்கு விடை அந்த இலக்கணத்தில் ஏற்கெனவே உண்டு: சம்பந்தி வீட்டுக்கு முதல்முறை போகும்போது எப்படிப் போவோமோ அப்படி.

கோட்டைக் கிட்டத்தில் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். இந்தப் பக்கத்தில் பெரும்பாலான ஆண்களிடம் கோட்டு இல்லாமல் இல்லை. கல்யாண ரிசப்ஷனுக்கு எடுத்தது ஒன்று பீரோவில் தொங்குகிறது. பிளாஸ்டிக் உறைக்குள், நாப்தலின் உருண்டை வாசனையோடு. மாலை ஏழு மணிக்குப் போட்டு, இருநூறு பேரோடு போட்டோவுக்கு நின்று, பத்தரைக்குக் கழற்றியது. இப்போது எடுத்துப் போட்டால் நடுப் பொத்தான் வயிற்றைச் சந்திக்காது, தோள் மடிப்பு கையில் வந்து உட்காரும், கை நீளம் சட்டை விளிம்பை விழுங்கும். வாடகைக்கு எடுத்தால் அடுத்தவர் உடம்புக்குத் தைத்தது. புதிதாகத் தைக்கலாம். ஒரு இரவுக்கு ஆகும் அந்தக் காசில் காங்கேசன்துறையில் இறங்கிக் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் சுற்றிவிடலாம். அளவு பொருந்தாத கோட்டுதான் ஒருவனை அந்தக் கூடத்தில் வெளியாளாகக் காட்டிக்கொடுக்கிறது. கழுத்துப்பட்டையை அடிக்கடி இழுத்துவிடுவான், உட்காரும்போது பொத்தானைக் கழற்ற வேண்டும் என்று தெரியாது, சாப்பாட்டை ரசிக்க முடியாது.

பட்டு வேட்டி கட்டிப் பழகியவனுக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. கப்பலில் கட்டுவதற்குச் சில வேலைகள் மட்டும் கூடுதலாகச் செய்ய வேண்டும். மேல் தளத்துக் காற்று வேட்டியின் முன் மடிப்பைப் பிரித்துவிடும், எனவே உள்ளே ஒரு பெல்ட் கட்டாயம், அல்லது இப்போது விற்கிற ஒட்டுப்பட்டை வைத்த வேட்டி. படிக்கட்டில் இறங்கும்போது கரையை இடக்கையால் லேசாகப் பிடித்துக்கொள்வது தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கஞ்சி போட்ட பருத்தி வேட்டி பெட்டிக்குள் கசங்கிவிடும். கசங்கியதைத் தேய்க்கலாம் என்றால் பெரும்பாலான கப்பல்களில் அறைக்குள் இஸ்திரிப் பெட்டிக்குத் தடை, தீ விபத்துப் பயம். பட்டோ, பட்டுக் கலந்ததோ என்றால் சுருட்டி வைத்தாலும் தொங்கவிட்டால் நேராகிவிடும். மேலே முழுக்கைச் சட்டை, கை மடிக்காமல். காலுக்குத் தோல் செருப்பு, ரப்பர் கூடாது. விருந்துக் கூடத்து ஏசி எலும்பைத் தொடும், அதற்கு ஒரு அங்கவஸ்திரமோ பந்த்கலாவோ இருந்தால் பானர்ஜி வழிக்கு வந்துவிடலாம். இவ்வளவும் காஞ்சிபுரத்துக்கு ஒரு நடை போனால் முடிகிற வேலை. மண்ணூரிலிருந்து பஸ் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேருகிற ஊர், 2005இலேயே தன் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்.

வேட்டி பழக்கமில்லாதவர்கள், விரும்பாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கோட்டு கட்டாயமில்லை. இருக்கிற கறுப்பு அல்லது கருநீலக் கால்சட்டை, தேய்த்த முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. இது கார்னிவல் விதிக்கே போதும். பிலிப்பைன்ஸ்காரர் பரோங் போட்டும் இந்தோனேசியர் பாத்திக் சட்டை போட்டும் அரசு விருந்துகளுக்கே போகிறார்கள். வெப்பநாட்டு ஆசியா எப்போதோ தீர்த்துக்கொண்ட சிக்கல் இது.

தொழிற்பேட்டைக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு நியாயமும் இருக்கிறது. ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் ஷிஃப்டுக்குப் போகிறவர் ஆண்டு முழுக்க நிறுவனம் கொடுத்த சட்டையைப் போடுகிறார். ஜப்பானிய, கொரிய ஆலைகளில் மேலாளரும் அதே நிறச் சட்டையில்தான் வருகிறார், அடையாள அட்டைதான் ஆளைப் பிரிக்கும். என்ன நிறம், எந்த ஷூ, எங்கே பேட்ஜ் என்று எல்லாவற்றையும் அடுத்தவர் முடிவு செய்கிற வாழ்க்கையில், சொந்தக் காசில் போகிற ஒரே ஒரு பயணத்திலும் இன்னொரு சீருடையை மாட்டிவிட வேண்டுமா?

செய்ய வேண்டியது சிறிய காரியம். பயண முகவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் சாமான் பட்டியலில் ‘ஆண்கள்: கோட்டு, டை’ என்று ஒற்றை வரி வருகிறது. நிறுவனங்களின் மனிதவளப் பிரிவும் பரிசுப் பயணத்துக்கு அதையே நகலெடுத்து ஒட்டுகிறது. அதை எடுத்துவிட்டு, ‘சூட்டு, அல்லது பட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும், அல்லது பந்த்கலா. அரைக்கால் சட்டை, பனியன், ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம்’ என்று எழுத வேண்டும். கப்பலுக்குக் கப்பல் விதி மாறும், ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, முறையான இந்திய உடையில் விருந்துக் கூடத்துக்கு வரலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது முகவரின் வேலை. ‘வரலாம்’ என்று பதில் வந்தால் அதை அச்செடுத்துப் பயணச்சீட்டோடு பின் அடித்துக் கொடுக்கட்டும். ‘கூடாது’ என்று ஒரு நிறுவனம் எழுதினால், அந்தப் பதிலையும் வாடிக்கையாளரிடம் காட்டிவிட்டு வேறு கப்பலின் விலைப்பட்டியலை எடுத்து வைக்கட்டும்.